பெயரும் பூட்டும்: வீடியோ கேம் கம்பெனிகளின் 'மகத்துவம்' குறித்துச் சில குறிப்புகள்

1

உலகின் மகத்தான வீடியோ கேம் கம்பெனிகள் எவை, அவற்றை மகத்தானவையாக்கியது எது என்கிற பட்டியல்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அட்டாரி, நின்டெண்டோ, சேகா, ஆக்டிவிஷன், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், சோனி, மைக்ரோசாஃப்ட், ராக்ஸ்டார் என்று வரிசை கொஞ்சம் முன்பின்னாக மாறும். பட்டியலின் இலக்கணம் மட்டும் மாறுவதில்லை. கம்பெனி கண்டுபிடித்தது, கம்பெனி துணிந்தது, கம்பெனி கனவு கண்டது. எல்லா வாக்கியங்களிலும் எழுவாய் கம்பெனிதான். கண்டுபிடித்த கை யாருடையது, கனவு கண்டவர் ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்பதெல்லாம் இந்த இலக்கணத்துக்குள் வராது.

சின்னப் பசங்க விளையாட்டு, சிறுபத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பிரதி, ஆசிரியன், வாசகன், ஆசிரியனின் மரணம் என்றெல்லாம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதித்தோம். அந்த விவாதத்தின் மையமான சோதனையை மூலதனம் எழுபதுகளின் கடைசியிலேயே கலிஃபோர்னியாவில் ஒரு கட்டிடத்துக்குள் நடைமுறையில் செய்து பார்த்துவிட்டது. ஆசிரியனைக் கொன்றால் என்ன நடக்கும், கொன்றது யார், காலியான நாற்காலியில் உட்கார்ந்தது யார் என்ற கேள்விகளுக்கு அங்கே ரத்தமும் சதையுமான பதில்கள் கிடைக்கின்றன.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இக்கம்பெனிகளை மகத்தானவையாக்கியவை இரண்டு. செய்தவரின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் ஆற்றல் ஒன்று. செய்தவருக்கும் விளையாடுகிறவருக்கும் நடுவே பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆற்றல் மற்றொன்று. இதில் முதலாவதை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் இருந்தார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் கட்டிய வீடு பிற்காலத்தில் என்னவாயிற்று என்று பார்த்தால், பெயரை மட்டுமே கேட்கிற கலகம் எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்துவிடுகிறது.

2

அட்டாரியை 1972இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் தொடங்கினார்கள். அதே ஆண்டு வெளிவந்த 'பாங்' என்கிற, காசு போட்டு விளையாடும் இயந்திரம்தான் முதல் பெரிய வெற்றி. 1976இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் 28 மில்லியன் டாலருக்குக் கம்பெனியை வாங்கியது. 1977இல் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டி சந்தைக்கு வந்தது. பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும், பிறகு விளையாட்டுகளைத் தனித்தனிக் கார்ட்ரிஜ்களாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம். லாபம் பெட்டியில் அல்ல, கார்ட்ரிஜில்.

அந்தக் காலத்தில் ஒரு கார்ட்ரிஜுக்கான விளையாட்டைப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் செய்தார். கற்பனை, படம், ஒலி, விதிகள், நிரல் எல்லாம் அவரே. நான்கு கிலோபைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். ஒரு நாவலாசிரியரோ ஓவியரோ தன் படைப்பின் மீது எவ்வளவு உரிமை கோர முடியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு உரிமையை இவர்களும் கோரியிருக்க முடியும். ஆனால் பெட்டியின் மேல் ஒரே பெயர், அட்டாரி. காரணம் ரொம்ப எளிமையானது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டிக் கம்பெனி கூப்பிடும், கூப்பிட்டால் கூலி ஏறும். பெயரின்மை இங்கே ஒரு தத்துவ நிலைப்பாடு அல்ல, சம்பளக் கொள்கை.

வாரன் ராபினெட் என்கிற ப்ரோக்ராமர் இதற்கு ஒரு பதிலடி கொடுத்தார். 'அட்வென்ச்சர்' என்ற அவருடைய விளையாட்டில் கோட்டைகளும் டிராகன்களும் உண்டு. பின்னணியின் நிறத்திலேயே ஒரேயொரு சாம்பல் புள்ளியை அவர் ஓரிடத்தில் மறைத்து வைத்தார். அதைக் கண்டெடுத்து, தூக்கிக்கொண்டு குறிப்பிட்ட சுவருக்குப் போனால் அது வழிவிடும். உள்ளே ஒரு ரகசிய அறை. அங்கே பெரிய எழுத்தில், இதைச் செய்தவர் வாரன் ராபினெட் என்ற வாசகம். யாரிடமும் சொல்லாமல், மேலதிகாரிகளுக்குத் தெரியாமல், சரக்கின் வயிற்றுக்குள்ளேயே தன் பெயரை எழுதி வைத்துவிட்டு 1979இல் கம்பெனியைவிட்டுப் போய்விட்டார். விளையாட்டு பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் ஒரு சிறுவன் 1980இல் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் விஷயம் நிர்வாகத்துக்கே தெரிந்தது.

அட்டாரி என்ன செய்தது? அழித்துவிட்டு மறுபடி அச்சடிக்கலாம், ஆனால் புதிய சிப்புக்கான அச்சு செய்யச் செலவாகும். எனவே அங்கிருந்த ஸ்டீவ் ரைட் என்கிற மேலாளர் இதற்கு 'ஈஸ்டர் முட்டை' என்று பெயரிட்டு, இனி வரும் விளையாட்டுகளிலும் இப்படி ஒளித்து வைக்கலாம், வாங்குகிறவர்களுக்குத் தேடுகிற சுகம் கிடைக்கும் என்றார். அவ்வளவுதான் விஷயம். சுரண்டலுக்கு எதிராகப் பொறிக்கப்பட்ட ஒரு கையெழுத்து, விற்பனையைக் கூட்டும் ஓர் அலங்காரமாக மாறிவிட்டது. இன்று எந்தப் பெரிய விளையாட்டை எடுத்தாலும் ஈஸ்டர் முட்டை இருக்கும். அது ஒரு காலத்தில் கூலித் தகராறின் ஆவணமாக இருந்தது என்பது தேடிக் கண்டெடுக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. அதிகாரம் எதிர்ப்பை எப்போதும் நசுக்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்தாலே போதும்.

3

ராபினெட் தனியாள். அதே 1979இல் நான்கு பேர் கூட்டாகக் கிளம்பினார்கள். டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட். முந்தைய ஆண்டில் எந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்று நிர்வாகம் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டிருந்தது. நன்றாக விற்பதைப் போலவே செய்யுங்கள் என்பது அதன் நோக்கம். நால்வரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கார்ட்ரிஜ் விற்பனையில் பாதிக்கும் மேல் தங்கள் நாலு பேரின் விளையாட்டுகள். மொத்தத்தில் சுமார் 60 மில்லியன் டாலர். தங்கள் சம்பளமோ ஆளுக்கு ஆண்டுக்கு 30,000 டாலருக்குள். உபரி மதிப்பு பற்றி மார்க்ஸைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. சில சமயம் நிர்வாகமே தாள் அடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது.

தாளை எடுத்துக்கொண்டு தலைவர் ரே காஸரிடம் போனார்கள். காஸர் பர்லிங்டன் என்கிற ஜவுளி நிறுவனத்திலிருந்து வந்தவர். பாட்டுக்காரர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் கொடுப்பதுபோல ராயல்டி வேண்டும், பெட்டியில் பெயர் வேண்டும் என்பது இவர்கள் கோரிக்கை. காஸர் சொன்ன பதிலைக் கிரேன் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அசெம்ப்ளி லைனில் நின்று கார்ட்ரிஜை மாட்டுகிற ஆளைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமானவர்கள் இல்லை, விளையாட்டுக்கு அவர்கள் எவ்வளவோ அவ்வளவுதான் நீங்களும், என்பது அதன் சாரம்.

வீடியோ கேம் வரலாறுகள் எல்லாம் இந்த இடத்தில் காஸரைக் கலை தெரியாத ஜவுளிக்காரர் என்று கேலி செய்துவிட்டு மேலே போய்விடுகின்றன. நான் இங்கேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அந்த வாக்கியம் அவமதிக்கச் சொல்லப்பட்டதுதான். ஆனால் அது அவமானமாக வேலை செய்ய வேண்டுமென்றால் சொன்னவரும் கேட்டவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்க வேண்டும்: லைனில் நிற்கிற ஆள் அற்பம். இந்த முன்முடிவை ப்ரோக்ராமர்கள் மறுக்கவில்லை. 'நாங்க அவங்க இல்லை' என்பதுதான் அவர்கள் பதில். அவரும் முக்கியம் நாங்களும் முக்கியம், இரண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்குக் காட்டு என்று யாரும் சொல்லவில்லை. மூளை உழைப்பு, கை உழைப்பு என்ற பழைய கோடு கண்ணுக்குத் தெரியாமல் அந்த அறையில் போடப்பட்டிருந்தது. நான்கு பேரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி சண்டை போட்டார்கள்.

லைனில் நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் வரலாற்றில் இருக்கிறது. 1983 பிப்ரவரியில் அட்டாரி தன் உற்பத்தியை ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் மாற்றப்போவதாக அறிவித்து, கலிஃபோர்னியாவில் 1,700 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தச் சமயத்தில் அங்கே சங்கம் கட்டும் முயற்சியும் நடந்து வாக்கெடுப்பில் தோற்றுப்போனது. ராபினெட்டின் ரகசிய அறையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த 1,700 பேருக்கு எந்த விளையாட்டிலும் ரகசிய அறை இல்லை.

நால்வரும் வெளியேறி, இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து 1979 அக்டோபரில் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். பெட்டியைச் செய்கிற கம்பெனி ஒன்று, அதற்கு விளையாட்டு செய்கிற கம்பெனி வேறொன்று என்ற ஏற்பாடு அதோடு பிறந்தது. பெட்டியின் மேல் செய்தவரின் பெயர். உள்ளே இருக்கும் சிறு கையேட்டில் அவருடைய புகைப்படமும் விளையாடுகிறவர்களுக்கு அவர் சொல்லும் யோசனைகளும். அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் வழக்கு சமரசமாக முடிந்தது. அட்டாரிக்கு ராயல்டி கட்டிக்கொண்டு ஆக்டிவிஷன் கார்ட்ரிஜ் விற்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டு வெளிவந்த கிரேனின் 'பிட்ஃபால்' நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

இந்த வெற்றியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கேரல் ஷாவை எடுத்துக்கொள்வோம். அட்டாரியில் அவர் வேலை பார்த்தபோது ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப்பார்க்க வந்த காஸர், அப்பாடா, ஒரு பெண் வடிவமைப்பாளர் கிடைத்துவிட்டார், இனி அழகுசாதன நிறப்பொருத்தம், வீட்டு அலங்காரம் பற்றியெல்லாம் கார்ட்ரிஜ் போடலாம் என்றாராம். ஷா ஆக்டிவிஷனுக்குப் போய் 1982இல் 'ரிவர் ரெய்ட்' செய்தார். ஆற்றின் மேல் பறந்து சுட்டுத்தள்ளுகிற போர்விமான விளையாட்டு. பெட்டியின் மேல் ஒரு பெண்ணின் பெயர். பெயர் என்பது வெறும் அகங்காரம் என்று சொல்லிவிட முடியாத இடம் இது. யாருக்குப் பெயர் மறுக்கப்பட்டதோ அவருக்கு அது திரும்பக் கிடைப்பதில் அரசியல் உண்டு. கேள்வி, அது யாரோடு நின்றுபோகிறது என்பதே.

4

ஆக்டிவிஷன் திறந்த கதவு வழியாகக் கண்டவர்களெல்லாம் உள்ளே வந்தார்கள். 1982-83இல் சந்தை முழுக்கக் கார்ட்ரிஜ். கடைக்காரர்கள் விற்க முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. அட்டாரி ஒரே ஆண்டில் 500 மில்லியன் டாலருக்கும் மேல் நட்டம் காட்டியது. 1983 செப்டம்பரில் நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ என்கிற ஊரின் குப்பை மேட்டில் விற்காத சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 2014இல் தோண்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள்.

புதைத்ததில் 'ஈ.டி.' என்ற விளையாட்டும் உண்டு. ஸ்பீல்பெர்க்கின் படத்தை வைத்துச் செய்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குத் தயாராக வேண்டும் என்பதால் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்கிற ப்ரோக்ராமருக்குக் கொடுக்கப்பட்ட காலம் ஐந்து வாரம். ஐந்து வாரத்தில் செய்தும் கொடுத்தார். நிர்வாகம் தேவைக்கு மேல் அச்சடித்தது. சரக்கு தேங்கியது. அப்புறம் பல ஆண்டுகளுக்கு, ஒரு தொழிலையே கவிழ்த்த ஆள் என்ற பழி வார்ஷாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கவனியுங்கள், லாபம் வந்தபோது 'அட்டாரி செய்தது', நட்டம் வந்தபோது 'வார்ஷா செய்தது'. புகழுக்குப் பெயர் கிடையாது, பழிக்கு மட்டும் முகவரியோடு பெயர் உண்டு. தண்டனை கொடுக்கத் தோதாக ஓர் ஆள் வேண்டியிருந்தபோதுதான் எழுத்துகளுக்கு உண்மையான ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள் என்று ஃபூக்கோ 1969இல் சொன்னது, ஒரு குப்பை மேட்டில் வைத்து இப்படி நிரூபணமாயிற்று.

இந்தச் சரிவிலிருந்து பாடம் கற்றது நின்டெண்டோ. 1889இல் கியோட்டோவில் ஹனஃபுதா என்கிற பூப்போட்ட சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய பழைய கம்பெனி அது. ஜப்பானில் 1983இலும் அமெரிக்காவில் 1985இலும் தன் பெட்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பெட்டிக்குள் ஒரு பூட்டு இருந்தது, நிஜமாகவே பூட்டு. பெட்டியில் ஒரு சிப், கார்ட்ரிஜில் ஒரு சிப். இரண்டும் பேசிக்கொண்டால்தான் விளையாட்டு ஓடும். அந்தச் சிப் வேண்டுமென்றால் லைசன்ஸ் எடுக்க வேண்டும். லைசன்ஸின் நிபந்தனைகள்: ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் கூடாது, கார்ட்ரிஜை நின்டெண்டோவே செய்து தரும், பணத்தை முதலில் கட்டிவிட வேண்டும், அதே விளையாட்டை இரண்டு வருஷத்துக்கு வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. விற்காவிட்டால் நட்டம் விளையாட்டு செய்தவர் தலையில். அட்டாரியின் ஒரு கிளையாகப் பிரிந்த அட்டாரி கேம்ஸ், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பொய்க் காரணம் சொல்லி அந்தப் பூட்டின் நிரல் பிரதியை வாங்கி, கள்ளச்சாவி தயாரித்தது. நீதிமன்றம் 1992இல் நின்டெண்டோ பக்கம் நின்றது. ஒரு காலத்தில் எல்லாரையும் வெளியே நிறுத்திய கம்பெனியின் வாரிசு, இன்னொருவர் வாசலில் கம்பியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.

பூட்டு இன்றைக்கும் இருக்கிறது, உருவம்தான் மாறியிருக்கிறது. கைபேசியிலும் கணினியிலும் கன்சோலிலும் கடை வைத்திருக்கிறவர்கள் நூற்றுக்கு முப்பது என்பதையே பல ஆண்டுகளாக வாடிக்கையான வாசல் வரியாக வைத்திருந்தார்கள். விளையாட்டுச் சந்தையில் பெரிய வருமானம் படைப்பதில் அல்ல, வாசலில் உட்கார்ந்திருப்பதில்தான்.

அப்படியானால் நின்டெண்டோ செய்ததெல்லாம் பூட்டு மட்டும்தானா? இல்லை. மோசமான சரக்கால் ஏமாந்துபோன வாடிக்கையாளரின் நம்பிக்கையை அந்தப் பூட்டுதான் மீட்டது என்று சொல்வார்கள், அதில் உண்மை உண்டு. நல்ல விளையாட்டுகளும் அங்கிருந்து வந்தன. ஆனால் அந்த நல்லவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் குன்பே யோக்கோய் என்பவர் நினைவுக்கு வருகிறார். 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அவர் வேலை, சீட்டுக்கட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது. வேலை இல்லாத நேரத்தில் நீண்டு மடங்கும் ஒரு பொம்மைக் கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்ததை முதலாளி யமவுச்சி பார்த்துவிட்டார். 1966இல் அது 'அல்ட்ரா ஹேண்ட்' என்று சந்தைக்கு வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதே யோக்கோயின் குழுதான் 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்', 1989இல் 'கேம் பாய்' இரண்டையும் செய்தது. புதிய விலை உயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, பழசாகி மலிந்துபோனதை வேறு கோணத்தில் யோசி என்பது அவர் வழி. போட்டிக்கு வந்த கையடக்கப் பெட்டிகளில் வண்ணத் திரை. கேம் பாயில் பச்சைச் சாம்பல் திரை, ஆனால் பாட்டரி நாள்கணக்கில் வரும், விலை குறைவு. பின்னால் வந்த வண்ண வகையையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

காஸரின் வாக்கியத்தை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். எந்த ஆளைவிட நீங்கள் முக்கியமில்லை என்றாரோ, அந்த ஆள்தான் கியோட்டோவில் கேம் பாயைச் செய்தார். ஆலையின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கைக்குத்தான் பழைய பொருளின் மதிப்பு தெரிந்திருந்தது. 1995இல் 'வர்ச்சுவல் பாய்' தோற்றது. மறு ஆண்டு யோக்கோய் கம்பெனியைவிட்டு வெளியேறினார், 1997இல் விபத்தில் இறந்தார். கேம் பாயின் முகப்பில் இருக்கிற பெயர் நின்டெண்டோ.

5

பெயர் மறுப்பதற்கு எதிர்த்திசையில் போன கம்பெனியும் உண்டு. 1982இல் ட்ரிப் ஹாக்கின்ஸ் தொடங்கிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், பெயரிலேயே கலையை வைத்துக்கொண்டது. இசைத்தட்டு உறை மாதிரி அட்டை, அதில் செய்தவர்களின் பெயர், விளம்பரத்தில் அவர்களுடைய புகைப்படம். ப்ரோக்ராமர் என்று சொல்லாதே, மென்பொருள் கலைஞர் என்று சொல். இதைக் கேட்டால் நமக்கெல்லாம் மனம் குளிரும்.

2004இல் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரின் துணைவி பெயர் போடாமல் ஒரு கடிதம் வெளியிட்டார். வாரத்துக்கு ஆறு நாள், ஏழு நாள், ராத்திரி பத்து மணிவரை என்று மாதக்கணக்கில் நீளும் வேலை, ஓவர்டைம் கிடையாது, ஈடான விடுப்பும் கிடையாது, மனிதர் உடைந்து போய்க்கொண்டிருக்கிறார் என்பது அதன் சாரம். அதே காலத்தில் ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். ஓவர்டைம் பெறத் தகுதியில்லாத வகையினர் என்று எங்களைப் பிரித்துவைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்பதே வாதம். படம் வரைபவர்களுக்கு 15.6 மில்லியன் டாலர், ப்ரோக்ராமர்களுக்கு 14.9 மில்லியன் டாலர் என்று இரண்டு வழக்குகளைக் கம்பெனி பணம் கொடுத்து முடித்துக்கொண்டது.

இந்த இடம் எழுதுகிறவர்களாகிய நமக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். கலைஞன் என்ற பட்டம் இங்கே எப்படி வேலை செய்கிறது பாருங்கள். கடிகாரம் பார்ப்பவன் கூலிக்காரன், கலைஞனுக்கு ஏது நேரம்? ஆர்வத்தில் செய்கிற வேலைக்கு ஓவர்டைம் கேட்பது அசிங்கமில்லையா? அட்டாரி பெயரைப் பிடுங்கிக்கொண்டு கூலியைக் குறைத்தது. இங்கே பெயரைக் கொடுத்துவிட்டே வேலை நேரத்தைப் பிடுங்க முடிந்தது. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். வெளியே வந்து உண்மையைச் சொன்னவரோ பெயரின்றித்தான் சொல்ல முடிந்தது. அதிகாரத்தின் பெயரின்மைக்கும், அதிகாரத்திடமிருந்து தப்பிக்கப் போர்த்திக்கொள்ளும் பெயரின்மைக்கும் உள்ள வேறுபாட்டை நம் கோட்பாட்டு விவாதங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெயரை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். 2018இல் ராக்ஸ்டார் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வெளியிட்டபோது, வெளியீட்டுக்கு முன்பே வேலையைவிட்டுப் போனவர்களின் பெயர் விளையாட்டின் இறுதியில் ஓடும் பட்டியலில் வராது, கடைசிவரை நிற்க வைப்பதற்கான ஏற்பாடு இது என்று கம்பெனியே சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் அவர்கள் பெயர்களைத் தன் இணையதளத்தில் தனியாகப் போட்டது. பெயர் இங்கே உரிமை அல்ல, பிணையாகப் பிடித்துவைத்த சம்பளப் பாக்கி.

6

இப்போது ஆக்டிவிஷனுக்குத் திரும்புவோம். பெயருக்காகப் பிறந்த கம்பெனி. கிரேன் 1986இல் அங்கிருந்து போய்விட்டார். நிறுவிய நால்வரில் யாரும் பிறகு அங்கே இல்லை. கைமாறி, பெயர் மாறி, பழைய பெயருக்கே திரும்பி, 2008இல் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் ஆயிற்று. 2009இல் 'மாடர்ன் வார்ஃபேர் 2' விற்பனையில் பெரும் வெற்றி. அதைச் செய்த ஸ்டூடியோவின் தலைவர்கள் ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா இருவரையும் 2010 மார்ச்சில் கம்பெனி வேலையைவிட்டு நீக்கியது. கீழ்ப்படியவில்லை, ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றது கம்பெனி. ராயல்டியைக் கொடுக்காமலிருக்கத்தான் நீக்கினார்கள் என்றார்கள் அவர்கள். வழக்கு 2012இல் சமரசமானது. முப்பது வருஷத்துக்கு முந்தைய நாடகம் அப்படியே மறுபடி நடந்தது. மேடை அதேதான், ஆக்டிவிஷன் மட்டும் இந்த முறை அட்டாரி வேஷத்தில்.

முதலாளிகள் கெட்டவர்களாகிவிட்டார்கள் என்று இதை விளக்கினால் ஒன்றும் புரியாது. 1979இன் கலகம் கேட்டதே அவ்வளவுதான் என்று நான் வாசிக்கிறேன். சொத்துறவைத் தொடாமல், நாலு பேரின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டது. கம்பெனி என்கிற வடிவம் அப்படியே இருந்தது. அந்த வடிவத்துக்கு யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற ஞாபகம் கிடையாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021 ஜூலையில் கலிஃபோர்னிய அரசின் முகமை ஒன்று, பெண்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு, துன்புறுத்தல் என்று குற்றம்சாட்டி ஆக்டிவிஷன் பிளிஸார்ட் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனி மறுத்தது. அதே மாதம் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். டிசம்பரில் அதன் கிளையான ரேவன் ஸாஃப்ட்வேரில் 12 டெஸ்டர்களுக்கு வேலை போகிறது என்ற செய்தி வந்தது. டெஸ்டர் என்றால் யார்? முடியாத விளையாட்டை மறுபடி மறுபடி ஆடி, எந்தச் சுவரில் ஓட்டை, எந்தக் கதவு திறக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிறவர். தொழிலின் அடித்தட்டு, குறைந்த சம்பளம், பெரும்பாலும் ஒப்பந்த வேலை. யாரும் அவரை ஆசிரியர் என்று சொன்னதில்லை, கலைஞர் என்றும் சொன்னதில்லை. வேலைநிறுத்தம் நடந்தது. 2022 மே மாதம் வாக்கெடுப்பில் 19க்கு 3 என்று சங்கம் ஜெயித்தது.

2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 68.7 பில்லியன் டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கி முடித்தது. 2024 ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரைக் குறைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஆக்டிவிஷனின் டெஸ்டர்கள் சுமார் 600 பேர் சங்கமானார்கள். சங்கம் வந்ததால் ஆட்குறைப்பு நின்றுவிடவில்லை. அதை நான் ஒரு புரட்சியாகவும் வர்ணிக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். 1979இல் நால்வர் 'நாங்க அவங்க இல்லை' என்று சொல்லி வெளியேறினார்கள். 2022இல் ஜெயித்தவர்கள் அந்த 'அவங்க'. வெளியேறவும் இல்லை, உள்ளேயே உட்கார்ந்து சங்கம் கட்டினார்கள்.

7

ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை 1967இல் அறிவித்தபோது, அதன் விலையாக வாசகன் பிறப்பான் என்றார். நாம் அதை உற்சாகத்தோடு வரவேற்றோம். ஆசிரியனை மையத்திலிருந்து இறக்குவது பிரதிக்கு விடுதலை என்று பேசினோம். இலக்கியப் பிரதியின் அர்த்தம் குறித்து அது இன்றும் பயனுள்ள பேச்சுத்தான். ஆனால் ஆசிரியன் கூலிக்காரனாகவும் இருக்கும் இடத்தில் அவன் இறந்தால் வாசகன் பிறப்பதில்லை, கம்பெனி பிறக்கிறது. அர்த்தத்தின் மேல் ஆசிரியனுக்கு இருந்த அதிகாரம் வாசகனிடம் போகாமல் வர்த்தகச் சின்னத்துக்குப் போய்ச் சேர்கிறது. வாசகன் அதாவது விளையாடுகிறவன் பூட்டின் இந்தப் பக்கம் காசோடு நிற்கிறான்.

அதற்காக ஆசிரியனை மறுபடி சிம்மாசனத்தில் ஏற்றுவோமா என்றால், அதையும் ஆக்டிவிஷனும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் செய்து காட்டிவிட்டன. நட்சத்திர ஆசிரியனின் நாற்காலிக்குக் கீழே டெஸ்டர் குனிந்திருக்கிறார், அவருக்கும் கீழே எங்கோ ஒரு ஊரில் சிப்பைப் பொருத்துகிற பெண் இருக்கிறார். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நமக்கு வேறொரு சொல் தேவைப்படுகிறது. ஆசிரியனும் அல்லாத, வெறும் கூலியும் அல்லாத, பலருடைய கைகள் சேர்ந்து செய்தது என்பதைச் சொல்கிற சொல். அது கோட்பாட்டு அகராதியிலிருந்து வருமா, சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலிருந்து வருமா என்றால், இரண்டாவதிலிருந்துதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காஸரின் வாக்கியத்தை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் போட வேண்டும். லைனில் நிற்கிற ஆளைவிட நாம் முக்கியமில்லை. ஆமாம் சார், சரிதான். நீங்க சொன்னதை ஒத்துக்கிறோம். இப்போ எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்கைக் காட்டுங்க.